உங்கள் ராசிக்கு எந்த வாசம்? நறுமண எண்ணெயைத் தேர்ந்து, அளந்து, கலக்கும் முறை

ராசிக்கு ஏற்ற எண்ணெய் வாங்கக் கிளம்பும் முன் ஜாதக நோட்டை எடுத்து ஒரு முறை பாருங்கள். கைப்பேசியில் சுற்றும் பட்டியல்களில் பெரும்பாலானவை மேல்நாட்டு முறையில் எழுதப்பட்டவை. அங்கே ராசி என்றால் பிறந்த தேதியில் சூரியன் நிற்கும் இடம். நமக்கு ராசி என்றால் பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம். அதோடு அவர்கள் கணக்குக்கும் நம் கணக்குக்கும் ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம் உண்டு. ஜூலை 25-இல் பிறந்தவரை அந்தப் பட்டியல் சிம்மம் என்று சொல்லும். நம் பஞ்சாங்கத்தில் அது ஆடி மாதம். சூரியன் கடகத்தில்தான் இருக்கிறது. அவருடைய சந்திரன் பன்னிரண்டில் எந்த ராசியிலும் இருக்கலாம். ஆக, அந்தப் பட்டியலை வைத்து வாங்கியவர் யாருடைய ராசிக்கோ எண்ணெய் வாங்கி வந்திருப்பார்.

இங்கே சொல்வதெல்லாம் ஜென்ம ராசியை வைத்து. நட்சத்திரம் மட்டும் தெரியும், ராசி நினைவில்லை என்பவர்கள் பாதத்தையும் பார்க்க வேண்டும். கிருத்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி ஆகிய ஒன்பதும் இரண்டு ராசிகளில் பிரிந்து கிடப்பவை. கிருத்திகை முதல் பாதம் மேஷம், மற்ற மூன்றும் ரிஷபம். விசாகத்தில் முதல் மூன்று பாதம் துலாம், நான்காம் பாதம் விருச்சிகம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த ராசிக்கு இந்த எண்ணெய் என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்று கிடையாது, அது நம்பிக்கை. லண்டனில் 17-ஆம் நூற்றாண்டில் நிக்கோலஸ் கல்பெப்பர் என்ற மூலிகை மருத்துவர் ரோஸ்மேரியைச் சூரியனுக்கும் லாவெண்டரைப் புதனுக்கும் கொடுத்தார். நம் பக்கம் ஹோமத்தில் சூரியனுக்கு எருக்கு, குருவுக்கு அரசு, சனிக்கு வன்னி என்று சமித்து வைத்தார்கள். எந்த வாசம், எந்த நாள் என்பதை ராசி சொல்லட்டும். எத்தனை சொட்டு, யாருக்கு ஆகாது என்பதை எண்ணெயின் வேதியியல்தான் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் வீட்டில்தான் தோல் வெந்து போகிறது.

பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு புட்டி வேண்டியதில்லை

ராசியைப் பார்க்காமல் ராசிநாதனைப் பார்த்தால் கணக்கு ஏழாகக் குறைந்துவிடும். மேஷம், விருச்சிகம் செவ்வாய்க்கு. ரிஷபம், துலாம் சுக்கிரனுக்கு. மிதுனம், கன்னி புதனுக்கு. தனுசு, மீனம் குருவுக்கு. மகரம், கும்பம் சனிக்கு. கடகத்துக்குச் சந்திரன், சிம்மத்துக்குச் சூரியன். ராகு கேதுவுக்கு இந்தக் கணக்கில் சொந்த வீடு இல்லை என்பதால் விட்டுவிடலாம். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆறேழு புட்டி தாராளம்.

அடுத்த கேள்விதான் முக்கியம். கிரகத்துக்குப் பலம் சேர்ப்பதா, சாந்தி செய்வதா? மேல்நாட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் கிரகத்தின் குணத்தையே திருப்பிக் கொடுக்கும்: செவ்வாய் சூடு, அதனால் இஞ்சி, மிளகு. நம் வழக்கமோ பொங்கும் கிரகத்தைக் குளிர வைப்பது. சுறுசுறுப்பு போதாமல் மந்தமாக இருக்கும் மேஷ ராசிக்காரருக்கு இஞ்சி சரி. சின்னப் பேச்சுக்கே முகம் சிவக்கிறவருக்கு, அதுவும் கத்திரி வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ இருப்பவருக்கு, அதே இஞ்சியைக் கொடுத்தால் எரிச்சல்தான் மிச்சம். அவருக்கு வெட்டிவேர். ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது

லேபிளில் தாவரத்தின் அறிவியல் பெயரும் எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது என்பதும் இருக்க வேண்டும். சந்தனம் என்றால் சாண்டலம் ஆல்பம். ஆஸ்திரேலியச் சந்தனம் சாண்டலம் ஸ்பிகேட்டம், வாசம் கொஞ்சம் வறட்சி. நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘சந்தன எண்ணெய்’ செயற்கை வாசனைத் திரவம். ஊதுபத்திக்கு ஆகும், தோலுக்கு ஆகாது. ‘மல்லிகை ஆவி எண்ணெய்’ என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். மல்லிகையை ஆவியில் வடித்து நல்ல எண்ணெய் எடுக்க முடியாது, சூட்டில் வாசம் கெட்டுவிடும். கரைப்பான் கொண்டு முதலில் மெழுகு போன்ற கான்கிரீட் எடுத்து, அதிலிருந்து ஆல்கஹாலில் அப்சல்யூட் எனும் செறிவான வாசனை எண்ணெயைப் பிரிப்பார்கள். ஆயிரம் கிலோ பூவுக்குச் சுமார் 3 கிலோ கான்கிரீட், அதில் பாதியளவுதான் அப்சல்யூட். விலை ஏன் அப்படி என்பது இப்போது புரியும். சத்தியமங்கலத்து மல்லி மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் புட்டியே தேவையில்லை, ஒரு முழம் பூ போதும். பனிக் காலத்தில் வரத்து குறைந்து விலை எகிறும்போது அப்சல்யூட் கைகொடுக்கும்.

கலப்படம் பார்க்க வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். எலுமிச்சை, லாவெண்டர், யூகலிப்டஸ் போன்றவை கறை விடாமல் பறந்துவிட வேண்டும். பஜ்ஜி வைத்த தாள் மாதிரி எண்ணெய்ப் பசை நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறார்கள். வெட்டிவேர், சந்தனம், பச்சௌலி என்ற இலையின் எண்ணெய் ஆகியவை இயல்பாகவே மெதுவாகப் போகும், நிறமும் விடும். அவற்றுக்கு இந்தச் சோதனை செல்லாது. செயற்கை வாசனையும் இதில் தேறிவிடும் என்பதால், இதில் தேறினாலே சுத்தம் என்று நினைக்க வேண்டாம்.

அளவு

20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி. இதை வைத்துக்கொண்டால் மற்றது கணக்குதான். பெரியவர்களுக்கு உடம்பில் தடவ 2 சதவீதம்: 30 மில்லி தாங்கு எண்ணெய்க்கு (நறுமண எண்ணெயைக் கலந்து தடவும் தேங்காய் எண்ணெய் போன்ற சாதா எண்ணெய்) 12 சொட்டு, 10 மில்லி ரோல்-ஆனுக்கு 4 சொட்டு. முகத்துக்கும் மென்மையான தோலுக்கும் வயதானவர்களுக்கும் 1 சதவீதம், அதாவது இதில் பாதி. இந்த எண்ணிக்கை எல்லா எண்ணெயும் சேர்ந்த மொத்தம். ஒவ்வொன்றிலும் 12 சொட்டு விட்டுவிட்டுத் தோல் எரிகிறது என்பவர்கள் ஏராளம்.

சில எண்ணெய்களுக்கு இதற்கும் கீழே தனி எல்லை. கிராம்பு 0.5 சதவீதம், எலுமிச்சைப் புல் 0.7, இலாங் இலாங் பூ எண்ணெய் 0.8. ஆக 10 மில்லிக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று ஒரே ஒரு சொட்டு. இலவங்கப்பட்டைத் தோலில் எடுத்த எண்ணெயைத் தோலில் தடவவே வேண்டாம்; அதன் எல்லை வீட்டில் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. எலுமிச்சை வகைப் பழமான பெர்கமாட்டில் பிழிந்தெடுத்த எண்ணெய் 0.4, பிழிந்த எலுமிச்சை 2 சதவீதத்தைத் தாண்டினால், வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து கருக்கும். தடவிய இடத்தில் 12 முதல் 18 மணி நேரம் வெயில் படக்கூடாது. நம் ஊர் வெயிலுக்கு இது சாத்தியமில்லாத நிபந்தனை. ஆரஞ்சு எண்ணெய்க்கு இந்தத் தொல்லை கிடையாது, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தாங்கு எண்ணெய்க்கு நாம் அலைய வேண்டியதில்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் ரோல்-ஆன் உருளை சுற்றாமல் அடைத்துக்கொள்வது இதனால்தான். ரோல்-ஆனுக்கு உறையாத தேங்காய் எண்ணெய் என்று தனியே விற்பதையோ பாதாம் எண்ணெயையோ எடுங்கள். செக்கு நல்லெண்ணெய்க்குத் தன் வாசம் பலம்; ரோஜாவையும் ஜெரேனியத்தையும் அமுக்கிவிடும். வெட்டிவேரோடு மட்டும் அழகாகச் சேரும்.

கலக்கும் வரிசையும் உண்டு. கனமான வெட்டிவேர், சந்தனம், பச்சௌலி முதலில். பிறகு ஜெரேனியம், லாவெண்டர். கடைசியில் ஆரஞ்சு, புதினா. வெட்டிவேர் கெட்டியாக இருந்து சொட்டாவிட்டால் புட்டியை மூடியோடு வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். பொறுமையிழந்து தட்டினால் மொத்தமாகக் கொட்டும். எல்லாம் விட்டபின் தாங்கு எண்ணெயை ஊற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்கி, இரண்டு நாள் விட்டு மோந்து பாருங்கள். முதல் நாள் வாசத்தை வைத்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தப்பாகும். ஆரஞ்சு அடங்கி வெட்டிவேர் மேலே வர நேரம் பிடிக்கும்.

புதுக் கலவையை முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி 24 மணி நேரம் பாருங்கள். சிவந்தால், அரித்தால் எதுவும் கலக்காத தாங்கு எண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்து, பிறகு சோப்பு. வெறும் தண்ணீர் உதவாது.

நாதனுக்கு ஒரு கலவை

சனியில் தொடங்கலாம், இதில்தான் நம் வழக்கமும் வாசமும் ஒட்டிக்கொள்கின்றன. மகரம், கும்பம் ராசிக்கும், ஏழரைச் சனி நடப்பவர்களுக்கும்: செக்கு நல்லெண்ணெய் 30 மில்லி, வெட்டிவேர் 3 சொட்டு, சைப்ரஸ் 3, ஆரஞ்சு 4. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன் கெண்டைக்காலிலும் உள்ளங்காலிலும் தேய்த்து அரை மணி ஊறவிடலாம். தலைக்கு வைக்கும் எண்ணெயில் இதைக் கலக்க வேண்டாம், கண்ணில் வழியும். அரப்பு தேய்த்தால் பிசுக்கு போய்விடும், வாசம் மட்டும் நிற்கும். வெட்டிவேர் மூன்று சொட்டுக்கு மேல் போனால் மண் வாசம் தூக்கலாகி மற்றதெல்லாம் காணாமல் போகும். குளித்த தரையில் எண்ணெய் வழுக்கும். வயதானவர்கள் உள்ளங்காலை விட்டுவிடுவது நல்லது.

சுக்கிரனுக்கு, அதாவது ரிஷபம், துலாத்துக்கு, ரோஜா எண்ணெய் வாங்கக் கையில் காசு வேண்டும். ஜெரேனியம் அதற்குப் பக்கத்தில் வரும். நீலகிரியில் பயிரான செடிதான். 10 மில்லி ரோல்-ஆனில் ஜெரேனியம் 2 சொட்டு, மல்லிகை அப்சல்யூட் 1. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மணிக்கட்டில் ஒரு இழுப்பு. கூட்டத்தில் நிற்கப் போகிறீர்கள் என்றால் இலாங் இலாங் சேர்க்க வேண்டாம், பலருக்குத் தலைவலி தரும்.

செவ்வாய்க்கு முன்பே சொன்னபடி இரண்டு வழி. பலத்துக்கு இஞ்சி 2, மிளகு 1 சொட்டு, 10 மில்லியில், தோள், முழங்காலுக்கு. சாந்திக்கு லாவெண்டர் 2, வெட்டிவேர் 1. மேஷம் நெருப்பு ராசி, விருச்சிகம் நீர் ராசி. விருச்சிகக்காரர்கள் சாந்திக் கலவையில் வெட்டிவேருக்குப் பதில் பச்சௌலி விடலாம். மிளகு எண்ணெய் பழசானால் தோலை அரிக்கும். ஒரு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மிதுனம், கன்னிக்குப் புதன். படிப்பு, கணக்கு வழக்கு என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூக்கில் மோந்து பார்க்கும் குச்சி வசதி. உள்ளே இருக்கும் பஞ்சுத் திரியில் லாவெண்டர் 6, எலுமிச்சைப் புல் 3, புதினா 3 சொட்டு. மூடி இறுக்கமாக இருந்தால் ஒன்றிரண்டு மாதம் வரும். மூக்குக்குள் நுழைக்க வேண்டாம், ஒரு விரல் தள்ளி வைத்தாலே போதும்.

தனுசு, மீனத்துக்குக் குரு, நிறம் மஞ்சள். ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சள் எண்ணெயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, ஆனாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆவியில் வடித்த மஞ்சள் எண்ணெயில் குர்குமின் என்ற நிறப்பொருள் வராது. அதனால் பொடியைப் போலத் துணியில் மஞ்சள் பிடிக்காது, பொடியின் குணத்தையும் அதில் எதிர்பார்க்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் 30 மில்லிக்கு மஞ்சள் 3, ஏலக்காய் 3, ஆரஞ்சு 4 சொட்டு. வியாழக்கிழமைகளில் கைகால்களுக்கு.

சூரியனுக்குத் தடவுவதைவிடக் காலையில் அறையில் பரப்புவது பொருந்தும்: ஆரஞ்சு 3, ரோஸ்மேரி 1, குந்திரிக்கம் 1. சந்திரனுக்கு, கடக ராசிக்கு, 10 மில்லியில் சந்தனம் 2 சொட்டும் சாமந்தி வகையான ரோமன் கெமோமில் 1 சொட்டும், இரவில்.

சந்திராஷ்டம நாளில்

மாதத்தில் இரண்டேகால் நாள், ஜென்ம ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் நிற்கும். மேஷத்துக்கு விருச்சிகம், ரிஷபத்துக்குத் தனுசு என்று எண்ணிக்கொள்ளலாம். நாள் காட்டித் தாளிலேயே நட்சத்திரம் போட்டிருக்கும். அன்று புது எண்ணெய் எதையும் சோதிக்க வேண்டாம். பழகிய ஒன்று, ஒற்றை வாசம், பாதி அளவு. கடகத்துக்குச் சொன்ன சந்தனம் எல்லா ராசிக்கும் அன்று ஆகும்.

அறையில் பரப்புவது

மின் டிஃப்யூசரில் 100 மில்லி தண்ணீருக்கு 3 முதல் 5 சொட்டு, அரை மணி ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். அரை மணிக்குப் பிறகு மூக்கு அந்த வாசத்துக்குப் பழகிவிடும். வாசம் வரவில்லையே என்று மறுபடி சொட்டு விட்டால் வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் மூச்சு முட்டும். ஒறம்பரை வந்திருக்கும்போது ஆஸ்துமா உண்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆடி, ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பொள்ளாச்சி, கோவைப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து டிஃப்யூசர் போட்டால் எண்ணெய்தான் வீண். காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்கம் மட்டும் திறங்கள்.

தண்ணீரும் பார்த்து ஊற்ற வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்குக் கவலை குறைவு. போர் போட்ட உப்புத் தண்ணி என்றால் சில வாரத்தில் உள்ளே இருக்கும் அதிர்வுத் தகட்டில் வெள்ளையாகப் படிந்து புகை வருவது நின்றுவிடும். வடிகட்டிய கேன் தண்ணீர் ஊற்றுங்கள். படிந்துவிட்டால் வினிகரைத் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். கத்தியால் சுரண்டினால் தகடு போச்சு.

மின்சாரம் இல்லாத மண் விளக்கு வகையில், மேல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில்தான் சொட்ட வேண்டும், தண்ணீர் வற்றும் முன் தீயை அணைக்க வேண்டும். பூஜை விளக்கில் எரியும் எண்ணெயிலோ சாம்பிராணித் தணலிலோ நேரடியாகச் சொட்டினால் பற்றிக்கொள்ளும். தணலுக்குக் குந்திரிக்கக் கட்டிதான் சரி, அதன் எண்ணெய் சரிப்படாது.

குளிக்கும் வாளியில் எண்ணெயைச் சொட்டுவதும் தப்பு. தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து முதல் மக் தண்ணீரோடு அப்படியே தோலில் இறங்கும். புதினாவாக இருந்தால் அன்று முழுக்கத் தெரியும். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் 3 சொட்டு கலந்து உடம்பில் தேய்த்துவிட்டுப் பிறகு தண்ணி வாருங்கள்.

யாருக்கு ஆகாது

இங்கே ராசிக்குப் பேச்சில்லை. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவ வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்கு ரோஸ்மேரி, யூகலிப்டஸ், கற்பூரம், சோம்பு எண்ணெய்கள் ஆகாது. குழந்தைக்குச் சளி என்றால் நீலகிரித் தைலத்தை, அதாவது யூகலிப்டஸ் எண்ணெயை, எடுப்பது நம் வீடுகளில் கைப்பழக்கம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் முகத்துக்கு அருகே யூகலிப்டஸ், புதினா, கற்பூரம் போனால் மூச்சுத் திணறல் வரலாம். ஏலக்காய் எண்ணெயிலும் யூகலிப்டஸில் உள்ள அதே சினியோல் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, ஆக குருவின் கலவையும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம். பூனை வளர்க்கும் வீட்டில் டீ ட்ரீ எண்ணெய் கூடாது. பூனையின் ஈரலால் அதைக் கழிக்க முடியாது.

ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள் வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட் என்ற, ஆஸ்பிரின் இனத்து வேதிப்பொருள். 5 மில்லி, ஒரு தேக்கரண்டி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் தடவக்கூடக் கூடாது. எந்த எண்ணெயைக் குழந்தை விழுங்கினாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு.

வைத்துக் காப்பது

அம்பர் நிறக் கண்ணாடிப் புட்டி, இறுக்கிய மூடி. பிளாஸ்டிக்கை ஆரஞ்சு எண்ணெய் அரிக்கும். ரப்பர் தலை உள்ள டிராப்பரைப் புட்டியிலேயே விட்டு வைத்தால் ரப்பர் இளகி எண்ணெயில் இறங்கும். அடுப்பு மேடைக்கு மேல் அலமாரியும் வெயில் படும் பூஜை மாடமும் வேண்டாம். பங்குனி, சித்திரையில் ஃப்ரிட்ஜ் கதவுதான் நல்ல இடம், சாப்பாட்டுப் பொருளோடு ஒட்டாமல் ஒரு டப்பாவுக்குள், பிள்ளைகள் கைக்கு எட்டாத மேல் தட்டில். திறந்த தேதியைப் புட்டியில் ஒட்டுங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை வகை ஒரு வருடம். லாவெண்டர் இரண்டு மூன்று வருடம். வெட்டிவேர், சந்தனம், பச்சௌலி வைக்க வைக்க மெருகேறும். நல்லெண்ணெயில் கலந்தது ஆறு மாதம். சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிடலாம். காலாவதியான ஆரஞ்சு எண்ணெயைத் தோலில் போடாதீர்கள், டப்பாவில் ஒட்டிய லேபிள் பசையை எடுக்க அது நன்றாக உதவும். துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள், எளிதில் தீப்பிடிக்கும்.